எல்.பி. கிடையாது

எங்க செவல்குளத்துல எல்.பி. கிடையாது. அதை முதல்லயே சொல்லிப்புடுதேன், பொறவு கடைசியில வந்து "ஏம் வே, நீ சொல்லவே இல்லையே"ன்னு என் சட்டையைப் பிடிக்கப்படாது.

எல்.பி.ன்னா வேற ஒண்ணுமில்ல. ஸ்டம்புக்கு நேரா வாற பந்தைக் காலை வச்சு மறிச்சா அவுட்டு. கால் மறிக்காம இருந்தா அந்தப் பந்து எங்க போயிருக்கும்னு அம்பயர் தன் மனசுக்குள்ள பாத்துச் சொல்லணும். போகாத பந்து போயிருக்க வேண்டிய வழியை எவன் வே கண்டான்? அதுலயும் எங்க ஊரு வழக்கம் ஒண்ணு இருக்கு, பேட்டிங் டீம்ல சும்மா உக்காந்திருக்கவன்தான் அம்பயரா போய் நிக்கணும், சொந்தச் சித்தப்பன் மகனை எவன் அவுட்டு குடுப்பான், ஸ்டம்பு மூணும் பேந்து கிடந்தாக்கூட "நோபால்"னு கையை நீட்டுத பயலுவ, அதனால எங்களுக்கு முந்தின செட்டுக்காரங்க உக்காந்து பேசி, இந்த எழவே வேண்டாம், நம்ம குளத்துல எல்.பி. கிடையாதுன்னு முடிச்சிட்டாங்க.

நான் தவசி. வடக்குத்தெருவுக்கும் தெக்குத்தெருவுக்கும் வருஷாவருஷம் சித்திரையில, குளம் வத்திக் கட்டாந்தரையா கிடக்கையில நடக்குற டோர்னமெண்டுக்கு மைக் பிடிக்கிறவன். ஒரு வருஷம் ஸ்டம்பைப் பிடுங்கி அடிச்சு ரெண்டு தெருவுலயும் மண்டை உடைஞ்சதுக்குப் பொறவுதான், பொதுவா ஒரு அம்பயர் வேணும்னு எல்லாருக்கும் புத்தி வந்துச்சு. எந்தத் தெருவுக்கும் சேராத ஆளு எங்க ஊர்ல ஒருத்தங்கதான். அரசுப் பள்ளிக்கூடத்துப் பி.டி. டீச்சர், எஸ்தர் பொன்மணி. நாசரேத்துப் பக்கம் இருந்து வேலைக்கு வந்தவங்க, புருஷன் இல்லை, கோயில் பக்கத்துல வாடகை வீடு. வெள்ளைக் கோட்டு ஒண்ணு தச்சுப் போட்டுக்கிட்டு வந்து நின்னாங்க. "நான் நிக்கணும்னா எல்.பி. உண்டு, சம்மதமா?"ன்னு கேட்டாங்க. வேற வழி? சரின்னுட்டோம்.

அவங்களுக்கு ஒரே பையன், ஜெபசிங். தெக்குத்தெரு டீமுக்குப் பந்து போடுவான். என்ன வேகம்ங்கிறீங்க! அம்மா நிக்கிற பக்கத்துல இருந்து ஓடி வந்து போட்டுட்டு, அப்படியே திரும்பி முழங்காலை மடக்கிக்கிட்டு, "எப்படி டீச்சர்?"னு குளமே அதிரக் கத்துவான். ஆட்டத்துல அவன் அவங்களை அம்மான்னு கூப்பிட்டதில்லை. அவங்களும் அவனுக்குச் சந்தேகத்துல ஒரு விக்கெட் குடுத்ததில்லை.

பொறவு ஒரு வருஷம் பங்குனியில அவனைக் குளத்துக்கரைக்கு அந்தால தண்டவாளத்துல கண்டெடுத்தாங்க. பிரசிடெண்ட் வெயிலுமுத்து அண்ணாச்சி மக தங்கசெல்விக்கும் அவனுக்கும் பழக்கம்னு ஊருக்கே தெரியும், தெரியாத மாதிரி இருந்தோம். அந்த வாரமே அந்தப் புள்ளையைத் தூரத்துல எங்கயோ கட்டிக் குடுத்துட்டாங்க. போலீஸ்காரர் பிரசிடெண்ட் கார்லயே வந்து இறங்கி, பிரசிடெண்ட் வீட்டு முத்தத்துல உக்காந்து எளநி குடிச்சிட்டு, வடக்குத்தெரு ஆளுக நாலு பேரைச் சாட்சிக்குக் கேட்டுட்டு, பையன் தானா போய் விழுந்துட்டான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

டீச்சர் மட்டும் ஒத்துக்கிடலை. "அன்னைக்குச் சாயங்காலம் போன் பண்ணினான் தவசி. சாளை மீன் வாங்கியிருக்கியா, புளி கூடக் கரைச்சுக் குழம்பு வை, பசி உயிர் போகுது, வந்துக்கிட்டே இருக்கேன்னு சொன்னான். சாப்பிட வாறவன் சாகவா போவான்?"னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டாங்க. பந்து விஷயத்துல டீச்சர் சொன்னா எங்களுக்கு வேதவாக்கு. பிள்ளை விஷயத்துல அவங்க சொன்னதை ஒருத்தரும் காதுல போட்டுக்கிடலை. அடுத்த சித்திரையிலயும் கோட்டைப் போட்டுக்கிட்டு வந்து நின்னாங்க. அவன் ஓடி வாற பக்கத்துலயே நின்னாங்க. அன்னைக்கு நான்தான் மைக்ல ஸ்கோரைத் தப்பாச் சொன்னேன்.

அந்த வருஷத்து பைனல்லதான் கோடு விழுந்துச்சு. வடக்குத்தெரு பேட்டிங். பிரசிடெண்டோட அண்ணன் மகன் கொம்பையா நிக்கான். தெக்குத்தெருப் பையன் போட்ட பந்து கொம்பையா முழங்காலுக்குக் கீழ 'பொத்'துன்னு பட்டுச்சு, பதினோரு பேரும் கத்துனாங்க, டீச்சர் ஒரு மூச்சு யோசிச்சிட்டுத் தலையை ஆட்டிட்டாங்க, இல்லைன்னு. அப்ப, பந்து வந்த வழி அப்படியே காத்துல நின்னுச்சு. பந்து போட்டவன் கையில இருந்து கொம்பையா கால் வரைக்கும் கோலமாவு இழுத்த மாதிரி வெள்ளையா ஒரு கோடு, கால்ல புகுந்து அந்தப் பக்கம் மஞ்சளா வெளிய வந்து, நேரா போயி நடு ஸ்டம்புல குத்தி நின்னுச்சு.

"கோடு விழுந்திருக்கு ரசிகப் பெருமக்களே, நடு ஸ்டம்பு"ன்னு மைக்ல சொன்னேன். வேற என்னத்தைச் சொல்ல?

தெக்குத்தெருக்காரன் எல்லாம் உள்ள ஓடியாந்துட்டான். வடக்குத்தெருக்காரன் அம்பயர் சொன்னதுதான்னு எகிறுதான். பரிசு குடுக்க வந்திருந்த பிரசிடெண்ட் அண்ணாச்சி நாற்காலியில இருந்து எந்திரிச்சு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மைதானத்துக்குள்ள வந்து, குனிஞ்சு கோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாத்தாரு. "கண்ணால கண்ட பொறவு என்ன டீச்சர், கையைத் தூக்குங்க. எங்க அண்ணன் மகனா இருந்தா என்ன, கோடு சொன்னா கோடுதான்"னாரு. ஊரே கை தட்டுச்சு. டீச்சர் விரலைத் தூக்கினாங்க. கொம்பையா வெளிய போனான்.

அதுக்குப் பொறவு எல்லாப் பந்துக்கும் கோடு வந்துச்சு. பகல்பூரா நிக்கும், விளக்கு வைக்கிற நேரத்துல நைஞ்சு உதிர்ந்துரும், தொட்டா கையில ஒண்ணும் ஒட்டாது. ஆனா அந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி நடந்தீங்கன்னா பந்து எங்க பட்டுச்சோ அங்க உங்களுக்கும் சுளீர்னு வலிக்கும். ஆடுக முதல்ல கத்துக்கிட்டு, சுத்திப் போச்சுங்க. பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் வண்டி கட்டி வந்து பாத்தாங்க, சர்பத்துக்கடை ரெண்டு முளைச்சுது, நடு ஸ்டம்பு இருந்த இடத்துல யாரோ ஒரு கல்லை நட்டு மஞ்சள் தேச்சு எலுமிச்சம்பழம் வச்சிட்டுப் போனாங்க, கோட்டுச்சாமின்னு பேரும் ஆயிப்போச்சு, வெள்ளிக்கிழமை பொம்பளைங்க பொங்கல் வைக்க வந்தா, பந்து போடுதவன் ஓடி வாற வழியில அடுப்பு கூட்டாதீங்க தாயின்னு நான் மைக்ல கெஞ்ச வேண்டியதா போச்சு. ஒரு காலேஜ் வாத்தியார் மூணுகால் கேமராவோட வந்து பாத்தாரு, போட்டோவுல வெறும் வானம்தான் விழுந்துச்சு, மோரு குடிச்சிட்டுப் போயிட்டாரு.

நல்லதுதானேன்னு நினைப்பீங்க. நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். ஆனா சண்டை இல்லாத ஆட்டத்தை எவன் பாப்பான்? முன்னாடியெல்லாம் ஒரு ரன் அவுட்டை வச்சு டீக்கடையில ஐப்பசி வரை பேசுவோம், இப்ப கோடு தெரியுது, அவுட்டுன்னா அவுட்டு, எந்திரிச்சுப் போய் டீயைக் குடி. எனக்கும் மைக்ல சொல்ல ஒண்ணுமில்ல. டீச்சர் பாடு அதைவிட மோசம். பந்தை எண்ணவும், பையன்மாரு கழட்டிக் குடுக்கிற தொப்பியை வாங்கி வைக்கவும் மட்டும்தான் அம்பயர்ன்னு ஆயிப்போச்சு. அவங்க அதுக்கு வருத்தப்பட்ட மாதிரி தெரியலை. கோட்டையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

வைகாசியில கோடு குளத்தை விட்டு மேல ஏறி ஊருக்குள்ள வந்துச்சு. ரோட்டுல பைக்குல அடிபட்ட கோழி ஒண்ணு, செத்த இடத்துல இருந்து மஞ்சளா ஒரு கோடு எதுத்த குப்பைமேடு வரை. பொறவு பால்கார ஆவுடையப்பன் பெரியவர் பஸ் ஸ்டாப்புல உக்காந்தவர் உக்காந்தபடியே சாஞ்சுட்டாரு. அவரு காலடியில பாத்தா மஞ்சள் ஒரு முழம் இருக்கும், அம்புட்டுத்தான். அவரு மக தலையில அடிச்சுக்கிட்டு அழுதா, ஆனா வந்தவங்க எல்லாம், "அழாத தாயி, அவரு ஆட்டம் முடிஞ்சுதான் போயிருக்காரு, பாரு ஒரு முழம்தான் பாக்கி"ன்னு தேத்தினாங்க. எழவு வீட்டுக்குப் போனா மாலையைப் போடுததுக்கு முந்தி கோட்டைப் பாக்குறது எங்களுக்குப் பழக்கமாப் போச்சு. தானா முடிஞ்ச உசுருக்குக் கோடு இருக்காது, இருந்தாலும் ஒரு முழத்தைத் தாண்டாது. யாராவது மறிச்ச உசுருன்னா நீளும். மணல் லாரி அடிச்ச கொத்தனார் ஒருத்தருக்குக் கோடு ரோட்டுத் திருப்பத்தைத் தாண்டிப் போச்சு. குடிச்சிட்டுக் குறுக்க வந்தான்னு லாரிக்காரன் சாதிச்சான். பிரசிடெண்ட் அண்ணாச்சி அவனை இழுத்துட்டு வந்து, வெள்ளை முடிஞ்சு மஞ்சள் தொடங்குத இடம் ரோட்டு ஓரம்னு காட்டி, கொத்தனார் பெண்டாட்டி கால்ல விழ வச்சாரு. "கோடு சொன்னா கோடுதான்"னு அன்னைக்கும் சொன்னாரு. நாங்க எல்லாரும் சாட்சி.

மறுநாள் காலையில இருந்து டீச்சர் தண்டவாளத்துக்குப் போக ஆரம்பிச்சாங்க. பள்ளிக்கூடத்துக்கு முந்தி ஒருதரம், விட்ட பொறவு ஒருதரம். அங்க கோடு இல்ல. பழைய சாவுக்குக் கோடு வராது டீச்சர்னு சொல்லிப் பாத்தேன். ஆடி பிறந்து காத்து அடிச்சு மேல்மண்ணு எல்லாம் பறந்தப்ப அதுவும் பொய்யாப் போச்சு. பழைய பந்துகளோட கோடு எழும்ப ஆரம்பிச்சுது, எங்க அப்பா காலத்துல அடிச்ச சிக்ஸரு, எவனோ மழைக்கு முந்தி போட்ட கடைசிப் பந்து, ஒவ்வொண்ணா தரையில இருந்து எந்திரிச்சுக் குளம் பூரா தறியில பாவு ஓட்டுன மாதிரி நின்னுச்சு. பழைய சாவுகளும் அங்கங்க எழும்புச்சு. தண்டவாளத்துல மட்டும் ஒண்ணும் இல்லை.

ஊருக்கு வாய் சும்மா இருக்குமா? "பாத்தியா, கோடு இல்ல. அவனா போனதுதான். இந்த அம்மா பாவம், யாரு மேல பழியைப் போடலாம்னு அலையுது"ன்னாங்க. டீச்சர் காதுல விழுந்திருக்கு. ஒருநாள் மைக் செட்டை நான் சுருட்டிக்கிட்டு இருக்கையில பக்கத்துல வந்து நின்னாங்க.

"தவசி, நான்தான் தப்பாச் சொல்லிட்டேனோ? குழம்பு வைன்னு சொன்னது சும்மா எனக்காகச் சொன்னதோ? அவன் மனசு எனக்குத் தெரியலையோ?"

"அப்படியெல்லாம் இல்ல டீச்சர்"னேன்.

"நான் பாத்துச் சொன்ன எத்தனையோ பந்து தப்பா இருந்திருக்கு, கோடு வந்த பொறவுதானே தெரிஞ்சுது. இதுவும் அப்படின்னா நான் என்னத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது?"

அவங்க அழுது நான் பாத்தது அன்னைக்குத்தான். மைக் செட்டை அப்படியே போட்டுட்டு அவங்களை வீடு வரை கொண்டு விட்டுட்டு வந்தேன்.

ஆடிக் கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை ஆட்டம் நடந்துக்கிட்டு இருக்கு. கொம்பையா மட்டையைப் பிடிச்சு நிக்கான், டீச்சர் இந்தப் பக்கம் நிக்காங்க. ஜெபசிங் ஓடி வாற இடத்துல இருந்து, அவன் ஷூ மாட்டுத கல்லுகிட்ட இருந்து, வெள்ளையா ஒரு கோடு எந்திரிச்சுது. பந்துக் கோடு இல்லை, ஆள் நெஞ்சு உயரத்துக்கு இருக்கு, தடிமனா இருக்கு. குளத்தைத் தாண்டி, கரையில ஏறி, தண்டவாளத்துப் பக்கமே திரும்பாம, பிரசிடெண்ட் வாழைத்தோட்டத்துக்குள்ள இறங்கி, மோட்டார் ரூம் வாசல்ல போய் முடிஞ்சுது. அங்க இருந்து மஞ்சள். கதவுல தொங்குத பூட்டுக்குச் சாவி ஊர்ல ஒருத்தர் மடியிலதான் உண்டு.

நான் மைக்கைக் கீழ வச்சிட்டேன். ஆட்டத்தை அப்படியே போட்டுட்டு எல்லாரும் டீச்சர் பின்னாடி நடந்தோம். மஞ்சள் கோடு மோட்டார் ரூம்ல இருந்து கிளம்பி, வரப்பு வழியா வந்து, கடைத்தெருவுக்கு நடுவுல போயி, கோயிலைச் சுத்தி, டீச்சர் வீட்டு வாசல்படி ஏறி, அடுக்களைக்குள்ள புகுந்து, தாழ இறங்கி, உக்காந்து சாப்பிடுத உயரத்துல ஒரு வளையம் போட்டுட்டு, மறுபடி எந்திரிச்சுப் பின்வாசல் வழியா வெளிய போச்சு. கூட்டத்துல முண்டினவங்க மேல கோடு பட்டுச்சு. பட்டவங்க எல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சுட்டாங்க. பசி. அப்படி ஒரு பசி, கூடவே நாக்குல சாளைக் குழம்பு ருசி, அது தொண்டையில இறங்குததுக்குள்ள பின்மண்டையில ஒரு அடி. கொம்பையா கடைத்தெருவுல தெரியாம அதுக்குள்ள புகுந்தவன், ரோட்டுலயே உக்காந்து வாந்தி எடுத்தான்.

"சாப்பிடத்தான் வந்திருக்கான்"னு சொன்னாங்க டீச்சர்.

அன்னைக்குச் சாயங்காலமே கூட்டம் போட்டாங்க. ரெண்டு தெருவும் வந்துச்சு. தெக்குத்தெரு ஆளுகளும் வாயைத் திறக்கலை, தோட்ட வேலைக்கு நாளைக்கு யாரு கூப்பிடுவா? பிரசிடெண்ட் அண்ணாச்சி நிதானமா பேசினாரு. இந்தக் கோடு வந்ததுல இருந்து ஊர்ல நிம்மதி போச்சு, ஆட்டத்துல சுவாரசியம் போச்சு, சின்னப் பிள்ளைக பயப்படுது, எந்த ஊர்லயும் இல்லாத வழக்கம் நமக்கு எதுக்கு, நம்ம பெரியவங்க வச்ச மாதிரியே வச்சுக்கிடுவோம், பேட்டிங் டீம் ஆளே அம்பயரா நிக்கட்டும்னாரு. யாரும் எதிர்த்துச் சொல்லலை. முன்வரிசையில உக்காந்து தலையை ஆட்டுனவங்களைப் பாத்தேன். அன்னைக்குப் போலீஸ்காரருக்குச் சாட்சி சொன்ன அதே நாலு பேரு.

மறுநாள் டீச்சர் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கிட்டு வாழைத்தோட்டத்துக்குப் போனாங்க. நானும் போனேன். மோட்டார் ரூம் வாசல்ல கயித்துக் கட்டில்ல பிரசிடெண்ட் உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தாரு. டீச்சர் அவருக்கு நேரா, பந்து போடுத தூரத்துல நின்னு, வெள்ளை முடிஞ்சு மஞ்சள் தொடங்குத இடத்தை ஒருதரம் பாத்துட்டு, வலது கை விரலைத் தூக்கினாங்க. தூக்கினபடியே நின்னாங்க.

பிரசிடெண்ட் எச்சியைத் துப்பிட்டு மெதுவாச் சொன்னாரு. "வீட்டுக்குப் போங்க டீச்சர். நம்ம குளத்துல எல்.பி. கிடையாது."

அவரு எந்திரிக்கலை. அவுட்டுன்னு விரலைத் தூக்கினா மட்டையை எடுத்துக்கிட்டு வெளிய போறவன்தான் ஆட்டக்காரன். போகமாட்டேன்னு உக்காந்துட்டா யாரு வந்து தூக்குவா? நான் வாயாலயே பொழைக்கிறவன், எனக்கே அங்க வாய் வரலை. தூ, என்ன பொழைப்பு!

அந்தக் கோடு மட்டும் சாயங்காலம் உதிரலை. மறுநாளும் நின்னுச்சு. தண்ணியை ஊத்திப் பாத்தாங்க, டிராக்டரை விட்டுப் பாத்தாங்க, சுள்ளியைக் கொளுத்திப் புகை போட்டாங்க, கோட்டுச்சாமிக்குக் கெடா வெட்டிக் கும்பிட்டாங்க. அது நெஞ்சு உயரத்துல கடைத்தெருவுக்கு நடுவுல அப்படியே கிடந்துச்சு. அப்பத்தான் ஊரு ஒரு வழி கண்டுபிடிச்சுது, குனிஞ்சு போறதுன்னு. பால் வாங்கப் போறவங்க குனிஞ்சாங்க, பஸ்ஸுக்கு ஓடுதவங்க குனிஞ்சாங்க, பொண்ணு அழைச்சுட்டு வந்தவங்க மேளத்தோட குனிஞ்சாங்க, பிரசிடெண்ட் அண்ணாச்சியும் தோட்டத்துக்குப் போகையில துண்டைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சாரு. வெளியூர்க்காரன் எவனாவது ஏன் இப்படிப் போறீங்கன்னு கேட்டா, எங்க ஊரு வழக்கம்னு சொல்லுவோம். இப்ப நடக்கப் பழகுத பிள்ளைகளும் அந்த இடம் வந்தா தானா குனியுதுக. அதுகளுக்குத் தலைக்கு மேல எம்புட்டோ உயரத்துல கிடக்கு, ஆனாலும் குனியுதுக.

டீச்சர் ஆவணி பிறந்ததும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிட்டு, வீட்டைப் பூட்டினாங்க. வெள்ளைக் கோட்டை மடிச்சு என் கையில குடுத்தாங்க. தோள்ல ஒரு பை, கையில ஒரு தூக்குச்சட்டி, மூடியைத் தாண்டிச் சாளைக் குழம்பு வாசம் வருது. பின்வாசலுக்கு வந்து, மஞ்சள் கோட்டுல கையை வச்சாங்க. பசி அவங்களுக்கு ஏறுனது முகத்துலயே தெரிஞ்சுது, பின்மண்டை அடி ஏறுனதும் தெரிஞ்சுது. கையை எடுக்கலை.

"எங்க கிளம்பிட்டீங்க டீச்சர்?"

"இவன் எங்க வரைக்கும் போயிருப்பான்னு பாத்துட்டு வாறேன் தவசி. அது முடியுத இடத்துல திரும்பிருவேன்."

கையைக் கோட்டு மேல வச்சபடியே நடந்தாங்க. ஒடை மரத்துக்கு அந்தால, ஸ்டேஷன் ரோட்டுக்கு அந்தால, வெயில்ல அவங்க சேலை மறையுத வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னேன்.

குளத்துல தண்ணி வந்துச்சு, வத்துச்சு, மறுபடி வந்துச்சு. வடக்குத்தெரு பேட் பண்ணினா வடக்குத்தெருக்காரனே அம்பயரா நிக்கான். அந்த வெள்ளைக் கோட்டு என் வீட்டுக் கொடியில கிடக்கு. பால்கார ஆவுடையப்பனுக்கு ஒரு முழம்தான் பாக்கி இருந்துச்சு. டீச்சர் போயி எத்தனையோ சித்திரை ஆயிப்போச்சு, இன்னும் திரும்பி வரலை.